போர்வைக்குள் வந்த பூகம்பம்

ஆபத்து வந்தால் நான் எப்படி நடந்துகொள்வேன் என்பது எனக்குத் துல்லியமாகத் தெரியும். பலருக்கு இந்த ஞானம் கடைசிவரை வாய்ப்பதில்லை. எனக்கு மரக்காணம் உப்பளத்தில், சாட்சிகளோடு வாய்த்தது.

அப்போது நான் ஒரு கல்லூரி ஆய்வுத் திட்டத்தில் உதவியாளன். அந்தக் கரைக்கு அடியில் பாறை பிளந்து ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. பள்ளத்தில் யுகயுகமாக மணலும் களிமண்ணும் படிந்திருக்கின்றன. பிளவு எங்கே ஓடுகிறது, மறுபடி அசையுமா என்று பார்க்க வேண்டும். வரப்பில் வரிசையாக ஜியோஃபோன் குத்தி (மண்ணுக்கு வைக்கும் ஸ்டெதஸ்கோப் என்று வைத்துக்கொள்ளுங்கள்), இரும்புத் தகட்டைச் சம்மட்டியால் அடித்தால், ஆழத்திலிருந்து திரும்பும் அதிர்வு லேப்டாப்பில் கோடுகளாக விழும். வேறு எதுவும் அசையக் கூடாது.

"பத்து மணி வரைக்கும் ஒருத்தரும் நடக்கக் கூடாது" என்று, உப்பளத்தில் ஆட்களை வேலை வாங்கும் அஞ்சலை அக்காவிடம் உத்தரவு போட்டேன்.

"வெயில் ஏறிச்சின்னா பாத்தி மிதிக்க முடியாது சார். பத்துக்கு மேல?"

"பத்துக்கு மேல உங்க இஷ்டம்."

வெளிச்சத்தில் கண் கூசி, திரை தெரியவில்லை. போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு லேப்டாப்போடு உள்ளே புகுந்தேன். சம்மட்டி அடித்த டிரைவர் பாஷா பாய் டீ குடிக்கப் போய்விட்டார். நான் பதிவுகளை நோண்டிக்கொண்டிருந்தேன். (மணி பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.)

திடீரென்று ஒரு கோடு துடித்தது. பிறகு பக்கத்துக் கோடு. தும்... தும்... தும்.

சம்மட்டி என் காலடியில் கிடந்தது. அப்படியானால் அடிப்பது யார்?

பிளவு இந்த வரப்புக்குக் கீழேதான் என்று திட்டத்தை நடத்தும் பேராசிரியருக்குச் சந்தேகம். துடிப்பு ஒரே சீராக நெருங்கி வந்தது. நான் கத்தி, ஒன்றும் நடக்காவிட்டால் வேலை போய்விடும். கத்தாமல் இருந்து, நடந்துவிட்டால்? பக்கத்திலேயே கடல். உப்பளத்தில் முப்பது பேர். ஏறி நிற்க ஒரு மேடு கிடையாது.

எல்லாக் கோடுகளும் ஒன்றாக எகிறின.

"பூகம்பம்! ரோட்டுக்கு ஓடுங்க!"

கடல் ஒருமுறை உள்ளே வந்துபோன கரையில் இப்படிக் கத்தினால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. முப்பது பேரும் ஈரப் பாத்திகளின் குறுக்கே விழுந்தடித்து ஓடினார்கள்.

ரோட்டில் நின்று மூச்சு வாங்கினோம். பூமி சும்மா இருந்தது. ஒரு கிழவரைக் கைத்தாங்கலாகப் பிடித்தபடி அஞ்சலை அக்கா கடைசியாக வந்து சேர்ந்தார்.

"எங்க சார் ஆடுச்சி?"

"மெஷின்லக்கா... தும் தும்னு... வரிசையா..."

அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். "மணி பத்தாயிடுச்சேன்னு பாத்தி மிதிக்க எறங்கனோம். பதினோரு பேரு, தோளைப் புடிச்சிக்கினு, ஒரே மிதி."

(உப்பில் சேறு கலக்காதிருக்க, பாத்தியின் களிமண்ணைக் காலாலேயே மிதித்துச் சிமெண்ட் தரை போல இறுக்குவார்கள். இது எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.)

"சரி தம்பி" என்றார். நான் சாரிலிருந்து தம்பிக்கு இறங்கியிருந்தேன். "எங்களக் காப்பாத்தணும்னு கத்தின, நல்லது. ஆனா எங்களுக்கு முன்னாடியே நீ இங்க வந்து நிக்கிறியே, அது எப்படி?"

உண்மைதான். போர்வை இன்னும் என் தலையில் இருந்தது. அந்த மாதத்தின் மொத்த ஆய்வும் இருந்த லேப்டாப்பை விட்டுவிட்டு, சம்மட்டியைக் காப்பாற்றிக் கொண்டுவந்திருந்தேன்.

நாலு நாள் மிதித்து இறுக்கிய பாத்தியெல்லாம் ஓடிய கால்பட்டுக் குழிகுழியாகக் கிடந்தது. வேலை போகவில்லை, பேராசிரியர் போனிலேயே தீர்ப்பு சொன்னார். அடுத்த நாலு நாள், அந்தப் பதினோரு பேர் வரிசையில் பன்னிரண்டாவதாக நானும் மிதித்தேன்.

இப்போதும் வீட்டில் வாஷிங் மெஷின் கடைசிச் சுற்றில் தடதடவென்று ஆட ஆரம்பித்தால், என் மனைவி சமையலறையிலிருந்து மகளைக் கூப்பிடுவாள்:

"அப்பா உள்ள இருக்காரா பாரும்மா. இருந்தா ஒண்ணும் பயமில்ல."