ஏழாமிடத்தில் கூட்டம்

இன்ஜினை அணைத்த ஸ்கூட்டர் சரளைக்கல்லில் உருண்டு வரும் சத்தம். கல்யாணமான புதிதில் கேட்டது. ஷிப்ட் முடிந்து வரும் என் வீட்டுக்காரர் தெருமுனையிலேயே வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருவார். அவருடைய அம்மா விழித்துக்கொண்டால் ஊர் நியாயமெல்லாம் பேச உட்கார்த்திவிடுவார்; எனக்கு மனிதர் மிஞ்சமாட்டார். அதனால் அந்தச் சத்தம் எனக்கென்று மட்டுமே வந்தது.

பிறகு பம்ப் கம்பெனி அவரை வைத்துக்கொண்டது. ஓய்வு பெற்றால் எனக்கு மிஞ்சுவார் என்று காத்திருந்தேன். ஓய்வு வந்தது. கூடவே செல்போனும் வந்தது. அதில் ஜோசியர்கள் குடியிருந்தார்கள். சரவணம்பட்டி வீட்டு ஹாலில் அவர் ஒரு மூலை, நான் ஒரு மூலை, நடுவில் ஒன்பது கிரகங்கள்.

போன வருஷம் வைகாசியில் ஒரு காலை, சென்னகிருஷ்ணன் (அவர் பெயர், நேரில் நான் சொன்னதில்லை) போனைக் கீழே வைத்தார். அதுவே பெரிய விசேஷம்.

“அம்மணி, நான் ஒரு முடிவு பண்ணிப்போட்டேன்.”

“சொல்லுங்க.”

“எனக்குக் கன்னி லக்னம். ஏழாமிடம் மீனம். அது பொண்டாட்டி இடம். பொறக்கறப்பவே அங்க சுக்கிரனும் கேதுவும் சேர்ந்து உக்காந்திருக்காங்க. இப்பச் சனியும் வந்து ஏறிக்கிட்டாரு.”

“மூணு பேருங்களா? காப்பி வெக்கட்டுங்களா?”

“வெளையாடாத. இந்தச் சேர்க்கைல புருசனும் பொண்டாட்டியும் ஒரே கூரைக்கடியில இருந்தாப் பொண்டாட்டிக்குக் கண்டம். சனி நகர ரெண்டரை வருசம் ஆகும். அதுவரைக்கும் அன்னூர்ல லட்சுமணசாமி தோட்டத்துச் சாளைல இருந்துக்கறேன். எல்லாம் உனக்காகத்தான்.”

லட்சுமணசாமி அவரோடு கம்பெனியில் வேலை பார்த்தவர்; சாளை என்பது அவர் தோட்டத்துக்குள் இருக்கும் சிறு வீடு. தோட்டத்தில் விளைவது தேங்காய், நடப்பது சீட்டாட்டம். கோழி வறுவலும் உண்டு. டாக்டர் போட்ட எண்ணெய்த் தடை அன்னூர் எல்லையைத் தாண்டாது.

“மீனத்துல சுக்கிரன் உச்சமாச்சுங்களே?” என்றேன். நானும் கல்லூரி படித்தவள். மூலையில் உட்கார்ந்து எல்லாம் கேட்டவள்.

“கேது கெடுத்துப்போட்டான்.”

“கேது சேர்ந்தாச் சந்நியாசமுங்களாமா. சந்நியாசி கோழி திங்கலாமுங்களா?”

அவர் சட்டைகளை மடிக்கத் தொடங்கினார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் மடிப்புகள் ஏற ஏறச் சிரிப்பு நின்றுவிட்டது. ரெண்டரை வருஷம். எங்களுக்கு மிச்சமிருப்பதே அவ்வளவுதானோ என்னவோ.

“ஏனுங்க, மாரியம்மன்கிட்டப் பூக் கேட்டுப்போட்டுப் போங்க,” என்றேன்.

எங்கள் பக்கம் பெரிய காரியங்களெல்லாம் அப்படித்தான் முடிவாகும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், அம்மன் காலடியில் வைத்துக் கேள்வியைச் சொல்லி ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. அதற்குமேல் அப்பீல் கிடையாது.

“கேட்டுருவோம். பூ நானே வாங்கிட்டு வாரேன்,” என்றார். வீட்டுக்கு ஒரு கொத்துக் கறிவேப்பிலை வாங்கி வந்தறியாதவர்!

மறுநாள் வாங்கி வந்து, வாசற்படியில் முதுகைத் திருப்பி உட்கார்ந்து, வாழையிலையில் அவரே கட்டினார். எழுந்து போனபின் கூட்டினேன். இலைக் கிழிசல், நூல், நந்தியாவட்டை இதழ்கள். சிவப்பில் ஓர் இதழ்கூட இல்லை.

துடைப்பத்தை மூலையில் சாத்தினேன். பிறகு புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

கோவிலில் பூசாரி கேட்டார்: “யாருங்க கேக்கறது? வாய்விட்டுக் கேளுங்க.”

“ஊட்டுப் பொம்பளைதாங்க கேக்கோணும்,” என்று முந்திக்கொண்டேன். இவர் தாராளமாகத் தலையாட்டினார். பதிலைத்தான் அவரே கட்டி வைத்தாயிற்றே.

நான் கைகூப்பினேன். “தாயே, இவரு தோட்டத்துக்குப் போறாரு. அது அவரு முடிவு, அதை நான் கேக்கலை. நானும் கூடப் போயி இருக்கலாமா? கண்டம் வந்தா நீ பாத்துக்குவயா? சரின்னா வெள்ளைப் பூவாக் குடு.”

“அம்மணி! கேக்க வேண்டியது அதில்ல…”

“கேட்டதை மாத்தக் கூடாதுங்க,” என்றார் பூசாரி.

“அதுக்கில்லீங்க, இந்தப் பொட்டலம்…”

“பொட்டலத்துக்கு என்னங்க?” என்று கேட்டேன்.

இவர் அம்மனைப் பார்த்தார். அம்மன் இவரைப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்ல,” என்றார்.

பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. “நல்ல உத்தரவுங்க!” நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இன்னொரு பொட்டலத்தை இவர் அவசரமாகச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார்.

தோட்டத்தில் லட்சுமணசாமி சீட்டுக்கட்டோடு காத்திருந்தார். என் இட்லிப் பாத்திரத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

“ஏப்பா கிருஷ்ணா, ரெண்டு பேருமாப்பா?”

“சேர்க்கைப்பா,” என்றார் இவர்.

சீட்டுக் கச்சேரி பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டது. சாளையில் போனுக்கு டவரும் எடுக்கவில்லை. சில நாள் அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி வரப்பு வரப்பாக நடந்தார். பிறகு விட்டுவிட்டார். வாய் சும்மா இருக்குமா? என்னோடு பேசத் தொடங்கினார். நான் கேட்டே இராத கம்பெனிக் கதைகள். யாரிடமும் சொல்லாத பயங்கள். வாய்க்கால் தண்ணீர் போல, நிற்காமல், பாதி தனக்கும் பாதி எனக்குமாக.

ஒரு சாயங்காலம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம்.

“பத்மா, அன்னைக்கு ரெண்டு பொட்டலமும் வெள்ளைதான்.”

“தெரியுமுங்க.”

“தெரிஞ்சுதான் அப்பிடிக் கேட்டயா?”

“பூண்டைத் தோல் போக உரிங்க.”

அவர் சிரித்தார். தென்னைகளுக்கு நடுவே அந்தச் சிரிப்பு வெகுநேரம் நின்றது. நான் அவர் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை அவருக்கு மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்துபோனார். கண்டம் எனக்கென்று சொன்னவர், அந்த ஐந்து மாதம் மட்டும் எனக்கு மிஞ்சினார்.