ஏழு தடவை நின்ற லைன்

ரத்தத்தைப் பார்த்து நான் பயந்ததில்லை. அதைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லத்தான் பயம். இருபத்தாறு வயது. இருங்காட்டுக்கோட்டையில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. காலையில் கழிப்பறையில் அவ்வப்போது இரண்டு சொட்டு சிவப்பு. 'சூடு' என்று சொல்லி மூன்று மாதம் மோர் குடித்தே சமாளித்தேன்.

கடைசியில் டாக்டரிடம் போனேன். "மூலம்தான். உங்க வயசுக்கு மாத்திரையே போதும்," என்றவர், எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "வீட்ல யாருக்காவது குடல்ல புற்றுநோய் இருந்துச்சா?"

அப்பாவுக்கு. நாற்பத்தைந்து வயதில் போய்விட்டார். அவரும் சூடு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்போ குடலுக்குள்ள கேமரா விட்டு, கொலோனோஸ்கோபி பார்த்துடணும்."

என் வார விடுமுறை அன்று காலை பரிசோதனை. குடல் காலியாக, முந்தின நாள் சாயங்காலம் பேதி பவுடரைக் கலக்கிக் குடிக்க வேண்டும். அன்றைக்கு லீவு போட்டால் காரணம் எழுத வேண்டும். சூப்பர்வைசர் தாஸ் அண்ணன் லீவு லெட்டரை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படிப்பார். ரூமிலோ ஏழு பேருக்கு ஒரே கழிப்பறை. கம்பெனியில் வரிசையாகப் பன்னிரண்டு! ஆகவே புத்திசாலியான நான், பவுடரை வாட்டர் பாட்டிலில் கலந்து இரண்டாம் ஷிப்டுக்கு எடுத்துப் போனேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். உற்பத்தி லைனில் நிற்பவன் இடத்தை விட்டு நகர வேண்டுமென்றால், தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுக்க வேண்டும். மஞ்சள் விளக்கு எரியும். ஐஸ் வண்டி மணி மாதிரி ஒரு மெட்டு ஷெட் முழுக்க ஒலிக்கும். மாற்று ஆள் வரும்வரை லைன் நிற்கும்.

முதல் தடவை யாரும் கண்டுகொள்ளவில்லை. மூன்றாவது தடவை கைதட்டினார்கள். ஐந்தாவது தடவை நான் மாற்று ஆளுக்காகக் காத்திருக்கவில்லை. (கயிற்றை இழுத்ததே ஒரு மரியாதைக்குத்தான்.) ஏழாவது தடவை திரும்பி வந்தால், தாஸ் அண்ணன் நோட்டோடு நிற்கிறார்.

"இன்னாடா ஆச்சு உனுக்கு? ஏழு வாட்டி லைன் நின்னுகீது. ரிப்போர்ட்ல இன்னான்னு எய்தறது?"

"வயித்தால போகுதுண்ணே."

"ஏன்?"

"பவுடர் குடிச்சேன்."

"ஏன்?"

"நாளைக்கு டெஸ்ட்."

"ஏன்டா?"

"ரத்தம் வருதுண்ணே. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான்..." அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன்.

அவர் நோட்டை மூடினார். "தனியாவா போற? நா வரேன்."

மறுநாள் காலை குன்றத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். பின்சீட்டில் எனக்காக ஒரு தலகாணி கட்டியிருந்தார்.

ரத்தம் மூலத்தால்தான் வந்திருக்கிறது. ஆனால் உள்ளே, அதற்குச் சம்பந்தமே இல்லாமல், பட்டாணி அளவில் ஒரு சதை வளர்ந்திருந்தது. எடுத்துவிட்டார்கள். விட்டிருந்தால் பின்னால் அதுவே புற்றுநோயாகியிருக்கலாம் என்றார் டாக்டர்.

என் கல்யாணத்தில் தாஸ் அண்ணன் அந்த மெட்டை மைக்கில் பாடிக் காட்டினார். அன்றிலிருந்து நான் பாத்ரூம் பக்கம் வேகமாக நடந்தாலே என் மனைவி அதைப் பாடுவாள். இப்போது மகளும் பாடுகிறாள்.

போன மாதம் தாஸ் அண்ணன் போன் செய்தார். ரிட்டயர் ஆகிவிட்டவர்.  மெதுவாக, அந்த மெட்டை மட்டும் முனகினார். எனக்குப் புரிந்துவிட்டது.

"காலைல வர்றேண்ணே," என்றேன். "தலகாணியோட."