மணல்மேட்டுக்கு நட்ட காவல்

சேசு மரி சூசை துணை

எண்ணூர் குப்பம்,
ஆகஸ்ட் 1971

ராயபுரத்தில் இருக்கும் அன்புள்ள மாமா அருள்பிரகாசம் அவர்களுக்கு, மருமகன் பாஸ்கல் மரியாதையுடன் எழுதுவது. அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் மாதா எல்லாச் சுகமும் தரட்டும். இங்கே உங்கள் அக்கா வியாகுலம்மாள் சுகம், நான் சுகம், எங்கள் ஊற்றும் இனிமேல் சுகமாக இருக்கும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

குப்பத்துக்குப் பின்னால் இருக்கும் மணல்மேட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். தொழிற்சாலைக் கழிவு இறங்கிக் கிணறெல்லாம் கெட்ட பிறகு அந்த மேட்டடி ஊற்று ஒன்றுதான் எங்கள் குடிதண்ணீர். மேட்டைச் சரியவிடாமல் பிடித்து வைத்திருப்பது அடம்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும். பட்டணத்துப் பணக்காரப் பையன்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? ஞாயிறுதோறும் மோட்டார் சைக்கிளில் வந்து அதன்மேல் ஏறி இறங்கி விளையாடினார்கள், தடத்தில் இருந்த கொடியெல்லாம் அறுந்தது, வேர் வெளியே வந்தது, காற்றடித்தால் தளர்ந்த மணல் நேரே ஊற்றில் போய் விழுந்தது, காலையில் அம்மா தோண்டினால் சாயங்காலம் மூடிக்கொண்டது. நான் ஒருவனை வழிமறித்தேன்.

“இது சும்மா மணல் மேன், பாலைவனம் மாதிரி. இதுல கெட்டுப்போக என்ன இருக்கு?” என்றான்.

“பாலைவனத்துல எங்கம்மா இன்னாத்துக்கு நைனா கொடத்த தூக்கினு நிக்குது?” என்றேன்.

அவன் அம்மாவைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனான். மனு எழுதிக்கொண்டு சர்க்கார் அதிகாரியிடம் போனேன். “மணலுக்கு மனுவா?” என்று சிரித்தார். ஏழை குடிக்கிற தண்ணீர் என்றால் இந்த ஊரில் எல்லோருக்கும் சிரிப்பு வருகிறது மாமா.

மனுவுக்கு மசியாதவர்கள் எதற்கு மசிவார்கள் என்று யோசித்தேன். பழைய கட்டுமரக் கட்டையை அறுத்து, ஆள் உயரச் சிலுவை செய்து, தடத்தின் நடுவே மேட்டு உச்சியில் நட்டேன். அடுத்த ஞாயிறு முன்னால் வந்தவன் பிரேக் போட்டான், தொப்பியைக் கழற்றினான், வண்டியைத் திருப்பினான். பின்னால் வந்தவர்களும் திரும்பினார்கள். அதோடு சரி, ஒருத்தனும் வரவில்லை. சர்க்கார் செய்யாததை இரண்டு கட்டை செய்துவிட்டது!

என்னோடு வேலை செய்யும் தண்டையார்பேட்டை வரதன் மட்டும் பொறாமையில், “மாமு, வண்டிய நிறுத்த செலுவ வச்சே. ஆளு வந்தா இன்னா வெப்பே?” என்று கேட்டான். “ஆளு வந்தா கும்ட்டுகினு போவும், உனுக்கு இன்னா பேஜாரு?” என்று வாயை அடைத்தேன். உண்மையில் போன வாரம் உங்கள் ராயபுரத்திலிருந்தே மூன்று பெண்கள் மெழுகுவர்த்தியோடு வந்தார்கள். இந்தச் சிலுவையை நினைத்து வேண்டிக்கொண்டதில் ஒருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல் நின்றதாம். நானே மேட்டுக்கு வழிகாட்டினேன். பெண்பிள்ளைகளின் வெறுங்கால் கொடியை என்ன செய்துவிடும்? கால் என்ன டயரா? நீங்களும் கோயில் சபையாரை அழைத்துக்கொண்டு அடுத்த வெள்ளிக்கிழமை அவசியம் வரவும்.

அத்தையின் இடுப்பு வலி அந்தோணியார் தயவால் தீரட்டும். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகன்,
பாஸ்கல்

பி.கு.: தபால் தலை வாங்கப் பிந்தியதால் கடிதம் என்னிடமே இருந்துவிட்டது. அதற்குள் இந்த வெள்ளிக்கிழமையும் வந்து போய்விட்டது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று பஸ் பஸ்ஸாக ஜனம். நடந்து ஏறினால் வேண்டுதல் பலிக்காதாம், அத்தனை பேரும் முழங்காலிலேயே ஏறினார்கள். டயர் கோடு போட்ட இடத்தில் முழங்கால்கள் சாலை போட்டுவிட்டன. மிச்சமிருந்த அடம்பம்பூவைப் பறித்துச் சிலுவைக்கு மாலை கட்டினார்கள். இறங்கும்போது ஆளுக்கு ஒரு முந்தானை மணலை மருந்தென்று அள்ளிப் போனார்கள். மேடு பாதி ராயபுரத்தில் இருக்கிறது, மீதி ஊற்றில் இருக்கிறது. சிலுவையைப் பிடுங்கி வேறு இடத்தில் நடலாம் என்று வாயைத் திறந்தேன், குப்பமே அடிக்க வந்தது. முதல் அடி அம்மாவுடையது. இன்னொரு கையில் காலிக் குடம் இருந்தது. ஆகவே மாமா, சபையாரைத் தடுக்க உங்களால் முடியாது, என்னாலும் முடியாது. வருகிறவர்கள் மெழுகுவர்த்திக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லவும்.