பெக்கோக் பேருந்தின் இருபத்தைந்தாண்டுத் திட்டம்

ஒரு வட்டாரத்தின் போக்குவரத்தை அவ்வட்டார மக்களின் பொறுப்பில் விட்டுவிடலாகாது. மக்கள் போக வேண்டிய இடத்தை நினைப்பார்களேயன்றிப் போக்குவரத்தை நினைக்க மாட்டார்கள். இக்குறையை நீக்கும் பொருட்டு, மலாயாவில் ஜப்பானியர் ஆட்சியின் இரண்டாம் ஆண்டில், அதாவது அவர்கள் கொண்டுவந்த ஆண்டுக்கணக்கின்படி 2603ஆம் ஆண்டில், பெக்கோக் வட்டார நெடுங்காலப் போக்குவரத்துத் திட்டக் குழு என்னும் குழு நிறுவப்பட்டது.

அப்போது பெக்கோக்கில் ஒரே ஒரு பேருந்து இருந்தது. பெட்ரோல் மறைந்துபோனபடியால், அதன் உரிமையாளரும் ஓட்டுநருமாகிய செல்லப்பன், வண்டியின் பின்புறத்தில் ஓர் இரும்பு உருளையைப் பொருத்தி, அதில் கரியை எரித்து, அந்தப் புகையின் வலுவால் வண்டியை ஓட்டிவந்தார். செவ்வாய்க்கிழமைதோறும் அது பத்து மைல் தொலைவிலுள்ள லாபீஸுக்குப் போய்வரும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். பள்ளம் வந்தால் ஏறிக்கொள்வார்கள்.

செவ்வாய்க்கிழமைக்குக் காரணம் உண்டு. லாபீஸ் மருத்துவமனைக்கு மருத்துவர் வரும் நாள் அதுவே. ரப்பர்த் தோட்டத்து மருந்தறையில் தாதியாக இருந்த செசிலியா, காய்ச்சல்காரர்களையும் காலில் புண் வைத்தவர்களையும் அந்தப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போவார். ஊரார் அவரை மிஸ்ஸி என்றே அழைத்தனர். ரயில் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது, அது சிப்பாய்களுக்கு உரியது. தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டால், ரயில்பாதை போடும் வேலைக்கென்று சயாமில் கொண்டுபோய் இறக்கிவிடும். திரும்ப ஏற்றிவந்ததாகச் செய்தியில்லை. ஆகவே, ரயிலில் இடம் கிடைக்கவில்லையே என்று யாரும் வருந்தவில்லை.

குழுவின் தலைவராகத் தோட்டத்து அலுவலகத்தின் தலைமை எழுத்தர், அதாவது பெரிய கிராணி, ரபேல் அமர்த்தப்பட்டார். ஆங்கிலேயர் காலத்தில் அவர் கழுத்துப்பட்டி கட்டி, வெள்ளைக்காரத் தொப்பி அணிந்து, புகையிலை இல்லாத போதும் குழாயைக் கடித்துக்கொண்டிருந்தவர். ஆட்சி மாறிய வாரத்திலேயே ஜப்பானியச் சிப்பாய்களைப் போலத் தலையை மழித்துக்கொண்டு, பிடரியில் துணி தொங்கும் தொப்பியொன்றைத் தைப்பித்துக்கொண்டார். காலைதோறும் ஜப்பானியச் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்கு நோக்கிக் குனிவார். அலுவலகத்துக் கிராணிகள் அனைவரும் மழித்துக்கொண்டமையால், ஊரிலிருந்த ஒரே நாவிதர் சில காலம் அரசாங்க ஊழியரைப் போலவே மதிக்கப்பட்டார்.

தலைமையகமாகிய ஜொகூர்பாருவிலிருந்து வந்த ஆணை தெளிவாக இருந்தது. இருபத்தைந்தாண்டுகளில், அதாவது 2628க்குள், பெக்கோக்கில் நாற்பது பேருந்துகள் ஓட வேண்டும். அதற்கான நிதி தலைமையகத்திலிருந்து வாராது. வருங்காலப் போக்குவரத்துக்கு வேண்டிய மூலப்பொருள்கள் யாவும் நிகழ்காலப் போக்குவரத்திலிருந்தே திரட்டப்பட வேண்டும்.

நிகழ்காலப் போக்குவரத்து செல்லப்பனின் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது.

முதற்கூட்டத்துக்கு உறுப்பினர்களை அழைக்க மணி இல்லையென்று பேருந்தின் மணி கழற்றப்பட்டது. இரண்டாம் கூட்டத்தில், திட்டத்திற்கு வரைபடம் வேண்டுமென்று முடிவாயிற்று. தாளும் இல்லை, எழுதுகோலும் இல்லை. எனவே, ரப்பர்க் கிடங்கின் வெள்ளைச் சுவரில், பேருந்துக்கென்று வைத்திருந்த கரியைக் கொண்டே நாற்பது வழித்தடங்கள் வரையப்பட்டன. மூன்று மூட்டை தீர்ந்தது. மறுநாள் மழை பெய்து அழித்துவிட்டது. மேலும் மூன்று மூட்டை கொண்டு மீண்டும் வரைந்து, மேலே ஒரு கூரையும் போட்டார்கள். கூரைக்கு வேண்டிய தகரம் பேருந்தின் தலையிலிருந்து வந்தது.

வழித்தடங்களை அளக்க வேண்டும். அளப்பவர்கள் நடக்க வேண்டும். நடப்பதற்குச் செருப்பு வேண்டும். ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் செருப்புக்கு ரப்பர் கிடைக்காதா என்று செல்லப்பன் கேட்டதற்கு, அது பால், இது டயர், இரண்டும் வெவ்வேறு துறைகள் என்று விளக்கம் தரப்பட்டது. நான்கு டயர்களும் அறுபடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த செல்லப்பன், குழுவினர் இருக்கைப் பலகைகளில் கை வைத்தபோதுதான் மீண்டும் வாய் திறந்தார்.

“பலகைய எடுத்துட்டா ஜனங்க எங்க உக்காருவாங்க ஐயா?”

“நிறுத்தத்தில உக்காரட்டும். நிறுத்தம் கட்டத்தான பலகை எடுக்கிறோம்.”

“நிறுத்தத்தில எத்தன நேரம் உக்காருவாங்க?”

“இருபத்தஞ்சு வருஷம்” என்றார் ரபேல், சிறிதும் முகம் மாறாமல். “அதனாலதான் நல்ல பலகையா பார்த்து எடுக்கச் சொன்னேன்.”

கரி எரித்த உருளை, கூட்டம் நீளும் நாள்களில் உறுப்பினர்களுக்கு மரவள்ளிக்கிழங்கு அவிக்கப் பயன்பட்டது. எஞ்சின், வரப்போகும் நாற்பது பேருந்துகளுக்கு மாதிரியாகத் தலைமையகத்துக்கு ரயிலில் அனுப்பிவைக்கப்பட்டது. எஞ்சியது நான்கு இரும்புச் சக்கரங்களின் மேல் நின்ற ஒரு கூடும், செல்லப்பன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த திருப்புச் சக்கரமும்.

பேருந்து நின்று மூன்றாம் வாரம், பால்மரம் வெட்டும் வீரமுத்துவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு செசிலியா குழுவின் முன் வந்தார். வீரமுத்துவின் இடக்காலில் புண் எலும்பை எட்டியிருந்தது. அடுத்த செவ்வாய்க்குள் மருத்துவரிடம் காட்டாவிட்டால் முழங்காலோடு எடுக்க வேண்டியதுதான் என்று செசிலியா அறிவித்தார். மரத்துக்கு மரம் நடந்து பிழைப்பவனுக்குக் கால் போனால் என்ன மிஞ்சும் என்பதை அவர் சொல்லவில்லை. அது எல்லார்க்கும் தெரியும்.

ரபேல் அவரைச் சுவரின் முன் நிறுத்தி, பிரம்பால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார்.

“இத பாருங்க மிஸ்ஸி. 2611ல நோயாளிங்களுக்குன்னே தனி வண்டி. ஒண்ணு இல்ல, ரெண்டு.”

“அதுக்கு எட்டு வருஷம் இருக்குங்களே ஐயா.”

“திட்டத்தில எட்டு வருஷம்னா கிட்டத்திலதான்.”

“காலு திட்டத்தில இல்லீங்க. இவருகிட்ட இருக்கு.”

குழு இரக்கமற்றதன்று. வீரமுத்துவின் பெயரை உடனே பதிவு செய்து, “முன்னுரிமை எண் 1, இவ்வுரிமைக்குக் காலவரையறை இல்லை” என்று எழுதி முத்திரையிட்ட சீட்டொன்றை அவர் கையில் கொடுத்தது. ஒற்றைக் காலில் நின்றபடியே வீரமுத்து அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து மற்றோர் ஆணை வந்தது. ஆய்வதிகாரி ஒருவர் செவ்வாய்க்கிழமை பெக்கோக் வருகிறார். வரும்போது இராணுவ லாரியில் வருவார். பேருந்து ஓடும் அழகைக் காணும் பொருட்டு, அதிலேயே லாபீஸ் திரும்புவார்.

ரபேல் கன்னத்தைத் தடவிக்கொண்டார். வினாக்களைக் கையால் கேட்பது அந்த அதிகாரியின் வழக்கமென்று கேள்விப்பட்டிருந்தார். எஞ்சின் ஜொகூர்பாருவில் இருந்தது; டயர்கள் ஊரார் காலில் நடந்துகொண்டிருந்தன. குழு அன்று கிழங்குகூட அவிக்காமல் சிந்தித்தது. மருந்தறைக்கு எண்ணெய் கேட்க வந்த செசிலியா, அவர்களின் முகங்களைப் பார்த்துவிட்டு நின்றார்.

“எஞ்சின் இல்லாம நகர்ற வண்டி நம்ம தோட்டத்திலயே ரெண்டு இருக்கே ஐயா. மேல் பிரிவில மாரியம்மன் தேரு. கீழ் பிரிவில அந்தோணியார் தேரு. அதுக்கெல்லாம் யாரு கரி போட்டாங்க?”

ரபேல் பிரம்பைக் கீழே வைத்தார்.

“ஒண்ணு மட்டும் ஐயா. பஸ்ஸுன்னா பாசெஞ்சர் வேணும். அதிகாரி கேப்பாரு. உங்க சீட்டு வச்சிருக்கிற ஆளு ஊர்லயே ஒருத்தர்தான்.”

இவ்வாறாக வீரமுத்துவின் கால், திட்டத்துக்குள் முறைப்படி நுழைந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, சக்கரங்களின் மேல் ரப்பர்ப் பாளங்களைச் சுற்றிக் கட்டினார்கள். பால் துறையும் டயர்த் துறையும் வேறென்பதை அன்று யாரும் நினைவூட்டவில்லை. காட்டு மரம் இழுக்கும் வடங்கள் இரண்டு, வண்டியின் முன்புறம் பூட்டப்பட்டன. அலுவலக நாற்காலியொன்றில் அதிகாரி அமர்ந்தார். பின்னே, வெறுந்தரையில், கால் நீட்டி வீரமுத்து, பக்கத்தில் செசிலியா. திருப்புச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு செல்லப்பன். இரு பிரிவு ஆள்களும் நூற்றிருபது பேர் திரண்டிருந்தனர்.

வண்டி நகரவில்லை. மேல் பிரிவுக் கங்காணி ஐயாசாமியும் கீழ்ப் பிரிவுக் கங்காணி கிரகோரியும் ஒரே வடத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“வலது வடத்தில மொதப் பிடி எங்களுக்கு. முப்பது வருஷமா எங்களுக்குத்தான்” என்றார் ஐயாசாமி.

“அது உங்க தேருல. இது பஸ்ஸு, கங்காணியாரே.”

“பஸ்ஸுக்கு வலது பக்கம் இல்லியா?”

“இருக்கு. டிரைவர் அந்தப் பக்கம் உக்காந்திருக்காரு. அவரு எந்தப் பிரிவுன்னு கேளுங்க.”

செல்லப்பன் தாம் எந்தப் பிரிவும் இல்லை, கடைத்தெரு என்று கூறியதால் வழக்கு மேலும் சிக்கலாயிற்று. ஒரு மணி நேரம் கழிந்தது. மருத்துவர் புறப்பட்டுவிடுவாரே என்று செசிலியா வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சண்டை என்று அதிகாரி வினவினார். தம்மை யார் முதலில் இழுப்பதென்று சண்டையிடுகிறார்கள் என்று உடன் வந்திருந்த மொழிபெயர்ப்பாளர் உள்ளவாறே சொன்னார். அதிகாரி வியந்தார். வேலையைக் கண்டு ஓடும் மக்களை அவர் எல்லா ஊரிலும் பார்த்திருந்தார். வேலைக்காக அடித்துக்கொள்ளும் மக்களைக் கண்டதில்லை. குறிப்பேட்டை எடுத்து ஏதோ எழுதினார்.

முடிவில், போகும்போது வலது வடம் மேல் பிரிவுக்கு, திரும்பும்போது கீழ்ப் பிரிவுக்கு என்று செசிலியா தீர்ப்புக் கூற, வண்டி அசைந்தது. பத்து மைலும் செல்லப்பன், இல்லாத எஞ்சினுக்கு மேட்டில் கியர் மாற்றிக்கொண்டே வந்தார். பழைய பேருந்தைவிட இது வேகமாகவே போயிற்று. முன்னர்ப் பாதி வழி தள்ளிய மக்கள், இப்போது முழு வழியும் இழுத்தார்கள் என்பதே வேறுபாடு. மருத்துவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்ட வேளையில் வண்டி மருத்துவமனை வாசலை அடைந்தது. கால் தப்பியது.

அதிகாரியின் அறிக்கை பதினைந்து நாளில் வந்து சேர்ந்தது. “எரிபொருள் வேண்டாததும், பழுதுபார்க்கத் தேவையற்றதும், தன் உணவைத் தானே தேடிக்கொள்வதுமான ஓர் இயக்குவிசை பெக்கோக்கில் கண்டறியப்பட்டுள்ளது. அவ்வியக்குவிசை மிகுந்த ஆர்வமுடையது” என்று அது தொடங்கியது. எஞ்சினைத் திருப்பியனுப்ப வேண்டிய தேவை இனி இல்லை. இருபத்தைந்தாண்டுகளுக்கும் இம்முறையே தொடர்க. வடம் பிடிப்போர் பட்டியலொன்று ஆயத்தம் செய்க.

பட்டியல் என்றதும் ஊர் நடுங்கியது. அந்நாளில் பட்டியல் என்றால் சயாம். ஆனால், அறிக்கையின் அடியில் இருந்த ஒரு வரியை ரபேல் உரக்கப் படித்தார்: இப்பட்டியலில் உள்ளோர் போக்குவரத்துத் துறையின் நிரந்தர இயக்குவிசையாகக் கருதப்படுவர், அவர்களைப் பிற துறைகள் கொண்டுசெல்லலாகாது.

அதன்பின், வடத்தில் ஒரு சாண் இடத்துக்காக அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்தினார்கள். பெண் கேட்டு வருகிறவர்களிடம், மாப்பிள்ளை வலது வடமா இடது வடமா என்றே முதலில் விசாரித்தார்கள். முதற்பிடி யாருக்கு என்னும் வழக்கு குழுவின் முன் வந்தபோது, குணமான காலோடு வீரமுத்து எழுந்து, மடியிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து நீட்டினார். முன்னுரிமை எண் 1, காலவரையறை இல்லை, முத்திரை தெளிவாக இருந்தது. இரண்டு கங்காணிகளும் அவருக்குப் பின்னால் நின்றார்கள். ஒவ்வொரு செவ்வாயும் செசிலியாவின் நோயாளிகள் லாபீஸ் சென்றனர். இந்த ஒரு பயனைத் திட்டம் தன் நோக்கங்களில் குறிப்பிடவேயில்லை.

2605இல் ஜப்பானியர் தம் ஆண்டுக்கணக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டனர். சயாம் பட்டியலும் ஒழிந்தது. அடுத்த ஆண்டு, பெட்ரோலில் ஓடும் புத்தம்புதிய பேருந்தொன்று பெக்கோக்கிற்கு வந்தது. செல்லப்பன் அதன் எஞ்சினைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். செசிலியா ஏழு நோயாளிகளைக் கூட்டிவந்து நிறுத்தத்துப் பலகையில் உட்காரவைத்தார்.

பேருந்தின் முன்னால் வீரமுத்து நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு மனு. கீழே நூற்றிருபது பேரின் கையொப்பமும் கைந்நாட்டும் இருந்தன. தானே ஓடும் பேருந்தினால் வடம் பிடிப்போரின் உரிமை அறவே பறிபோவதாகவும், வடமில்லாத வண்டியைப் பெக்கோக்கில் ஓடவிடலாகாது எனவும் அதில் கண்டிருந்தது.

“வீரமுத்து, நீங்க அந்தக் கால்ல நிக்கிறதே நான் உங்களக் கொண்டுபோய்ச் சேர்த்ததாலதான்” என்றார் செசிலியா. “இன்னிக்கு ஏழு பேரு காத்திருக்காங்க. வழிய விடுங்க.”

“உண்மதான் மிஸ்ஸி. இந்தக் காலு பொழைச்சதாலதான மொதப் பிடி எனக்கு வந்துச்சு? அத எப்படி விட்டுட்டுப் போறது?”

“இப்பதான் சயாம் இல்லியே. யாரும் இழுக்கவே வேணாம் லா.”

“இழுக்கிறது வேற மிஸ்ஸி. பிடி வேற.”

ஆங்கிலேயர் ஆட்சி திரும்பியதும் புதிதாக வந்திருந்த துரை மனுவைப் படித்தார். மக்களின் மரபுரிமைகளில் தலையிடுவதில்லை என்பது தம் அரசாங்கத்தின் நெடுநாளைய கொள்கையென்று கூறினார். வழக்குத் தீரும்வரை பேருந்து நகரலாகாது. இதனை ஆராய்ந்து இருபதாண்டுகளுக்கான திட்டமொன்றை வகுக்க, அனுபவமிக்க ஒருவரின் தலைமையில் குழு அமைக்கப்படும் என்றார். அனுபவமிக்கவர், பெட்டியிலிருந்து எடுத்த கழுத்துப்பட்டியோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். முடி இன்னும் சரியாக வளரவில்லை.

முதற்கூட்டம் அன்று மாலையே கூடியது. உறுப்பினர்களை அழைப்பதற்காகப் புதிய பேருந்தின் மணி கழற்றப்பட்டது.