ஜப்பான் பாயும் ஐந்து நாள் மொச்சையும்

கடலூர் முதுநகரில், அறுபதுகளின் தொடக்கத்தில், தலை தெரிந்ததுமே தெருவே கதவைச் சாத்திக்கொண்டது இரண்டே பேருக்குத்தான். ஒருவர் அம்மை குத்த வருகிறவர். இன்னொருவர் ஜப்பான் பாய். முன்னவர் கையில் ஊசி. பின்னவர் கையில் தோலோடு வேகவைத்த ஒரு பச்சை மொச்சை. அம்மை குத்துகிறவராவது குத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். பாய் எதிரே உட்கார்ந்து, கிண்ணம் காலியாகிற வரை எழுந்திருக்க விடமாட்டார்.

அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் தபாலே வராத மனிதருக்குப் பெயர் எதற்கு? பரங்கிப்பேட்டைக்காரர். சரக்குக் கப்பலில் பல வருஷம் பண்டாரியாக, அதாவது சமையற்காரராக, இருந்துவிட்டுக் கரையேறியவர். துறைமுகத்துக்குப் பக்கத்தில் பாக்கியம் அம்மாள் வீட்டின் பின்கட்டில் வரிசையாக நான்கு அறைகள். கடைசி அறையில் அவர். அதற்கு முந்தைய அறையில் நான்.

சேலத்திலிருந்து முதல் வேலைக்கு வந்திருந்த எனக்கு ஊரில் ஒருவரையும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரிடமும் பேசாமல் கிடந்துவிட்டுத் திங்கட்கிழமை ஆபீசில் முதல் வார்த்தை பேசும்போது தொண்டை கமறும். அப்படிப்பட்டவன் ஜப்பான் பாயிடம் மாட்டாமல் வேறு யார் மாட்டுவார்கள்?

"தம்பி, கை காலியா இருக்கா?"

"இருக்கு பாய்."

"அப்ப உக்காரு. எதுத்தாப்புல உக்காரு. பக்கத்துல இல்ல."

நடுவில் ஒரு கிண்ணம் நிறைய பச்சைக் காய்கள். பக்கத்தில் ஒரு காலிக் கிண்ணம். நான் ஒரு காயை எடுத்து முழுசாக வாயில் போட்டு மென்றேன். தேங்காய் நாரை மென்ற மாதிரி இருந்தது. பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அட அல்லாவே! தோலத் தின்றியே! ஒதட்டுல வெச்சி அமுக்குப்பா. பயறு தானா உள்ள குதிக்கும். தோலு அந்தக் கிண்ணத்துக்கு."

அமுக்கினேன். உப்பும் லேசான இனிப்புமாக இரண்டு பயறு நாக்கில் வந்து விழுந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகத்தான் இருந்தது.

அதற்கு ஜப்பானில் எடமாமே என்று பெயராம். எங்கள் தெருவில் ஜப்பான் மொச்சை. கோபே துறைமுகத்தில் இயந்திரம் பழுதாகிக் கப்பல் ஆறு நாள் நின்றபோது, பாயும் அதே கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்த்த அவருடைய மச்சானும் சாயங்காலந்தோறும் ஒரு சின்னக் கடைக்குப் போவார்களாம். மற்றவர்கள் சாராயத்தோடு இதைத் தின்ன, இவர்கள் இரண்டு பேரும் தேத்தண்ணியோடு தின்பார்கள். கிளம்புகிற அன்று கடைக்காரர் முற்றின விதை ஒரு பிடியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்திருக்கிறார்.

பொங்கல் கழிந்ததும் பாய் விதைப்பார். துறைமுகத்தில் எறிந்த தார் டிரம்களைப் பாதியாக வெட்டி, மண் நிரப்பி, கொல்லையில் வரிசையாக வைத்திருந்தார். பங்குனிக் கடைசியில் காய் திரளும். பச்சையாகப் பறிக்க ஐந்தே நாள். அதற்கு மேல் போனால் மஞ்சளடித்துக் கல்லாகிவிடும். ஒரு டிரம்மை மட்டும் தொடாமல் அடுத்த வருஷ விதைக்குக் காய விடுவார்.

சமையல் இருக்கிறதே, அது ஒரு சடங்கு. ஒவ்வொரு காய்க்கும் இரண்டு முனையையும் கத்தரிக்கோலால் நறுக்க வேண்டும். "உப்பு உள்ள போவ வழி வேணாமா?" என்பார். பிறகு கல்லுப்பைப் போட்டு, மேலே உள்ள ரோமம் போகிற வரை உள்ளங்கையால் தேய்ப்பார். கொதிக்கிற உப்புத் தண்ணீரில் கொட்டி, சரியாக நாலு நிமிஷம். இதற்காகவே ஜப்பானில் வாங்கிய கைக்கடிகாரம் ஒன்று இருந்தது. வருஷத்தில் இந்த ஐந்து நாள்தான் அதற்குச் சாவி கொடுப்பார். மற்ற நாளெல்லாம் மணி என்ன என்று என்னைத்தான் கேட்பார். வெந்ததை முறத்தில் கொட்டிப் பனை விசிறியால் வீசு வீசென்று வீசுவார். பச்சைத் தண்ணீர் பட்டால் பாவமாம். முதல் காயை வாயில் வைத்ததும், எவ்வளவு உப்புப் போட்டிருந்தாலும், ஒரே தீர்ப்புதான்.

"உப்பு பத்தல."

இவ்வளவையும் பாக்கியம் அம்மாள் அடுப்பங்கரை வாசலில் நின்று பார்ப்பாள். அவளுக்கு அது தாங்கவே தாங்காது. "ஒரு கடுகு இல்ல, ஒரு தேங்காப்பூ இல்ல. வெந்தத அப்படியே தின்றதுக்கு மாடாப் பொறந்திருக்கலாமே பாய்?" என்பாள்.

எங்கள் ஆபீசுக்கும் ஒரு தடவை தூக்குவாளியோடு வந்துவிட்டார். ஹெட்கிளார்க் ஆர்வக்கோளாறில் ஒரு காயை முழுசாக வாயில் போட்ட நேரம், அதிகாரி உள்ளே கூப்பிட்டுவிட்டார். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், மூன்று ஃபைலுக்கும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தார் மனிதர். அன்று ஆட்டின தலையால் ஒருவருக்குத் திருத்துறைப்பூண்டிக்கு மாற்றலாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அதன் பிறகு வாளியைக் கண்டாலே ஆபீஸ் பின்வாசல் வழியாகக் காலியாகும்.

தனியாகத் தின்னக் கூடாது என்பதுதான் பாயின் முதல் சட்டம். "கோபேல எவனும் இத ஒண்டியாத் தின்னு பாத்ததில்ல. எதுத்தாப்புல ஆளு இருக்கணும்." ஒரு பங்குனியில் எனக்குக் காய்ச்சல் வந்து ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்ததும் பாக்கியம் அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நீ இல்லாத நேரத்துல என்னா பண்ணாரு தெரியுமா? தெருவுல ஒருத்தரும் வரல. நேரா கொட்டாய்க்குப் போயி நம்ம மாட்டு எதிர்ல ஸ்டூலப் போட்டு உக்காந்துட்டாரு. தோலு அதுக்கு, பயறு இவருக்கு. நான் சிரிச்சிட்டேன். அப்பறம் சிரிப்பு வரல தம்பி."

எனக்கும் வரவில்லை. அன்று சாயங்காலம் தைரியமாகக் கேட்டேன். "பாய், வருஷா வருஷம் காய் ஆனதும் என்னை லால்பேட்டைக்கு ஒரு கார்டு எழுதச் சொல்றீங்களே, அது யாருக்கு?"

அந்தக் கார்டில் எப்போதும் ஒரே வாசகம்தான். "காய் ஆயிடுச்சு. அஞ்சு நாள்தான். வா." கீழே பெயர் போடட்டுமா என்றால், "வேணாம், கையெழுத்தப் பாத்தாலே தெரியும்" என்பார். கையெழுத்து என்னுடையது என்பது அவருக்கு உறைத்ததே இல்லை.

கார்டு மச்சானுக்கு. பாயின் மனைவி ரைஹானா இந்த மச்சானின் ஒரே தங்கை. அவள் படுத்த படுக்கையானபோது மச்சான் கப்பலை விட்டு ஊருக்குப் போய்விட்டார். பாயையும் கூப்பிட்டிருக்கிறார். இவர் இன்னும் ஒரே ஒரு நடை போய்விட்டு வருகிறேன் என்று ஏறிவிட்டார். அந்த ஒரு நடை எட்டு மாசம் ஆனது. திரும்பி வந்தபோது கபர்ஸ்தானில் அவளைப் புதைத்த இடத்தைத்தான் காட்டினார்கள். மச்சான் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. பரங்கிப்பேட்டை வீட்டில் இருக்க முடியாமல் பாய் கடலூருக்கு வந்துவிட்டார்.

"அவன் வந்து திட்டுனாக்கூடப் போதும் தம்பி. எதுத்தாப்புல உக்காந்து திட்டணும்" என்றார். அதுவரை அவரை ஒரு வேடிக்கையாகவே பார்த்துவந்த எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அடுத்த வருஷமும் கார்டு போட்டோம். நான்காம் நாள் போஸ்ட்மேன் வந்து, மூன்று இனிஷியலோடு நீளமான ஒரு பெயரைப் படித்து, "இப்படி யாராவது இருக்காங்களா? ரெண்டு நாளாத் தெருத்தெருவா அலையிறேன்" என்றார். பாக்கியம் அம்மாள் இல்லை என்றாள். நானும் இல்லை என்றேன். கொல்லையிலிருந்து ஈரக் கையோடு வந்த பாய், "நான்தான்" என்றார்.

கார்டில் ஒரு வரி. "வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து புறப்பட்டு வருகிறேன்."

அன்று புதன். ஐந்தாம் நாள் வியாழன். வெள்ளிக்கிழமை காய் கல்லாகிவிடுமே! பாய் டிரம்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். நிழலில் வைத்தால் ஒரு நாள் தாங்கும் என்று யாரோ சொல்ல, கேலி பேசின பாக்கியம் அம்மாளே தன் பழைய புடவையைப் பந்தலாகக் கட்டினாள். நான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஈரச் சாக்கைச் சுற்றினேன். ஹெட்கிளார்க் தன் குடையைக் கொடுத்தனுப்பினார். வெள்ளிக்கிழமையும் காய் பச்சையாகவே இருந்தது.

பள்ளிவாசலிலிருந்து வந்ததும் பாய் காய்களைப் பறித்து, முனை நறுக்கி, உப்புத் தேய்த்துச் சட்டியில் வைத்தார். "பஸ்ஸுக்குப் போறேன். தண்ணி மட்டும் கொதிக்கட்டும். நான் வந்து போடுறேன். நீ எடத்த வுட்டு நவுரக் கூடாது" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

நான் நகர்ந்தேன். விருந்தாளிக்குக் கோலி சோடா வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். கடையில் கூட்டம். திரும்பி வந்தபோது கொல்லை முழுக்கத் தாளித்த வாசனை. பாக்கியம் அம்மாள் கடைசித் தோலை உரித்து மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வாணலியில் கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய், தேங்காய்ப்பூ, மாங்காய்த் துண்டு எல்லாம் சேர்ந்து அருமையான சுண்டல்.

"என்னாம்மா பண்ணீங்க!"

"பின்ன? எத்தினியோ வருஷம் கழிச்சி மச்சான் வராரு. தோலக் குடுத்துத் துப்பச் சொல்லுவீங்களா? இந்த வீட்ல அந்தப் பழக்கம் கெடயாது."

என் குரல் வெளியே வருவதற்குள் பாய் வாசலில் நின்றார். பின்னால் குடையும் தொப்பியுமாக உயரமான ஒரு மனிதர். பாய் வாணலியைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. சோடா பாட்டிலோடு நான் பூமிக்குள் போக இடம் தேடினேன்.

மச்சான் யாரும் சொல்லாமலே முக்காலியில் உட்கார்ந்தார். பாக்கியம் அம்மாள் தட்டு நிறையச் சுண்டலை நீட்டினாள். ஒரு வாய் போட்டார். இன்னொரு வாய் போட்டார்.

"கோபேலயே நெனச்சேன் மச்சான்," என்றார் மெதுவாக. "இத இப்படித் தாளிச்சா நல்லாருக்குமேன்னு. நீ எங்க கேக்கப்போறேன்னுதான் சொல்லல." கொஞ்ச நேரம் மென்றார். "ரைஹானா இருந்திருந்தா அவளும் இப்படித்தான் பண்ணியிருப்பா. ஒன்னியக் கேட்டிருக்கவே மாட்டா."

பாய் அப்படியே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். மச்சான் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. தட்டை அவர் பக்கமாக நகர்த்தினார். எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே தட்டில், இரண்டு பேரும் தின்று முடித்தார்கள். கடைசியில் பாய் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உப்பு பத்தல" என்றார்.

அடுத்த மாசம் மச்சான் வந்து அவரை லால்பேட்டைக்குக் கூட்டிப் போய்விட்டார். போகிற அன்று பாய் என் கையில் ஒரு குப்பி விதையைக் கொடுத்து, "காய் ஆனா கார்டு போடு" என்றார். பஸ் கிளம்பினதும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்குச் சந்தோஷம்தானே என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. கோபம்தான் வந்தது. அந்தக் கடைசி அறையில் வேறு யாரோ வந்து ரேடியோ வைத்தார்கள். என் ஞாயிற்றுக்கிழமைகள் பழையபடி ஆயின.

மறு வருஷம் எனக்குச் சிதம்பரத்துக்கு மாற்றல். மறுபடியும் தெரியாத ஊர், மறுபடியும் ஒற்றை அறை. மொட்டை மாடியில் மூன்று உடைந்த பானைகளில் விதைத்தேன். ஒன்றில் மட்டும் காய் பிடித்தது. கார்டு எழுதினேன். "காய் ஆயிடுச்சு. அஞ்சு நாள்தான். வாங்க." கீழே என் விலாசத்தையும் எழுதினேன்.

முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் ஆபீஸ் விட்டதும் பஸ் நிலையத்தில் போய் நின்றுவிட்டு வந்தேன். லால்பேட்டை பஸ்ஸிலிருந்து யார் யாரோ இறங்கினார்கள். நான்காம் நாள் போகவில்லை. என்ன ஆனாலும் சரி என்று நானே பறித்து, முனை நறுக்கி, உப்புத் தேய்த்து, நாலு நிமிஷம் வேகவைத்து, விசிறினேன். இரண்டு கிண்ணத்தையும் எடுத்து வைத்த பிறகும் வாயில் வைக்க மனசு வரவில்லை. எதிரே நிறுத்த என்னிடம் மாடு கூட இல்லை.

கதவு திறந்துதான் இருந்தது. செருப்பு கழற்றுகிற சத்தம் கேட்டது. கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு பாய் உள்ளே வந்தார். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்காமல் எதிரே உட்கார்ந்தார். ஒரு காயை எடுத்து, உதட்டில் வைத்து, அமுக்கினார்.

"உப்பு பத்தல."

நானும் ஒரு காயை எடுத்து அமுக்கினேன். உப்பு போதும் போதும் என்று இருந்தது, வாயே கரித்தது. ஆனாலும், "ஆமா பாய்" என்று சொல்லிவிட்டு, உப்பு ஜாடியை எடுக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.