தகரக் கூரையில் ஒரு சதி

பூட்டைத் திறந்து, சோபா தைக்கும் தன் தகர ஷெட்டுக்குள் காலடி வைத்ததும் சோபாக்காரரின் வழுக்கைத் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மழை பெய்து இரண்டு வாரத்துக்கு மேலாகிறது. மறுபடி உள்ளே போனார். இன்னொரு சொட்டு, அதே இடத்தில்.

"ஏய், இங்க ஓடி வா!"

மனைவி ஈரக் கையோடு வந்தாள். "என்னங்க, கூரை ஒழுகுதா?"

"மழையே இல்லாம எப்படி ஒழுகும்? யாரோ மேல தண்ணி ஊத்துறாங்க."

"விடிகாலைல குளிருக்குப் போர்வையை விட்டு எந்திரிக்கவே முடியல. இதுல எவன் கூரை மேல ஏறி நிப்பான்?"

சோபாக்காரர் பின்பக்கச் சுவரைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் மனைவிக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம், எரிந்துபோன மோட்டார்களுக்குத் தன் தகர ஷெட்டில் புதுக் காயில் கட்டித் தருகிறவர் குடியிருந்தார். ஊர் அவரைக் காயில்காரர் என்றது. சோபாக்காரர் மனசுக்குள் வேறு பெயர் வைத்திருந்தார்.

காரணங்கள் இருந்தன. ஒன்று, போன மாதம் காயில்காரர் புதிதாக ஒரு ஏணி வாங்கியிருந்தார். இரண்டு, கொஞ்ச நாளாகக் காலையில் எழுந்ததும் சுவரோரம் நின்று இந்த ஷெட்டின் கூரையையே பார்க்கிறார். இவர் கண்ணில் பட்டுவிட்டால் பல் தேய்ப்பதுபோல் பாவனை செய்கிறார், கையில் பிரஷ் இல்லாமலே. மூன்றாவதுதான் முக்கியம். நாலு நாள் முன்பு கடையில் பார்த்தபோது, "நீங்க தண்ணி மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவீங்க?" என்று கேட்டார்.

"எதுக்கு அந்தக் கேள்வி? சொல்லு, எதுக்கு?" என்று மனைவியைக் கேட்டார்.

"மோட்டார் வேலை பார்க்கிற மனுஷன் மோட்டாரைப் பத்தித்தான் கேப்பான்," என்றாள் மனைவி.

ஷெட்டுக்குள் பதினாறு நாற்காலிகள் இருந்தன. ஒரு கண் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறைக்குப் போகவேண்டியவை. இன்னும் பத்து நாள்தான் கெடு. உள்ளே வைத்திருந்த ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடித்தால் ஊறி நாற ஆரம்பித்துவிடும். அப்படி ஒன்று நாறினால் பதினாறும் திரும்பி வரும்; அந்த ஆஸ்பத்திரி வாசலை அப்புறம் மிதிக்க முடியாது.

அன்றே அடைப்புப் பசை வாங்கிவந்து கூரையில் ஏறினார். ஒவ்வொரு திருகாணியின் தலையிலும் பசை வைத்தார். கூரையின் முகட்டிலும், சுவரும் கூரையும் சேரும் இடத்திலும் இருந்த இடைவெளிகளையெல்லாம் அடைத்தார். காற்றுகூட நுழைய முடியாது என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை இருபது இடத்தில் சொட்டியது.

"பாத்தியா! நான் அடைச்சது தெரிஞ்சதும் கோபத்துல அதிகமா ஊத்துறான்."

"கூரைக்கு மேல ஈரமே இல்லையேங்க. நான் ஏறிப் பாத்தேன்."

"துடைச்சிருப்பான்."

மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அடுத்து தெர்மோகோல். பெரிய பெரிய தட்டிகளாக வாங்கி, கூரைக்கு அடியில் பசை போட்டு அங்கங்கே ஒட்டினார். மறுநாள் காலை ஒரு சொட்டு இல்லை. சோபாக்காரர் சுவரோரம் போய், அந்தப் பக்கம் கேட்கும்படி தொண்டையைச் செருமினார். காயில்காரரும் அந்தப் பக்கத்திலிருந்து பதிலுக்குச் செருமினார்.

மதியம், வயிறு உப்பிக்கொண்டிருந்த ஒரு தட்டி பிய்த்துக்கொண்டு விழுந்தது. அதன் முதுகில் சேர்ந்திருந்த தண்ணீர் முழுவதும் மூன்று நாற்காலிகளின் மேல் கொட்டியது.

"தெர்மோகோலுக்கும் தகரத்துக்கும் நடுவுல எப்படி ஊத்தினான்?" என்றார் சோபாக்காரர், ஏறக்குறைய மரியாதையோடு.

இனிக் காவல்தான் வழி என்று முடிவு செய்தார். மறுநாள் விடியும் நேரத்தில் மனைவியையும் இழுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். குளிருக்கு கேஸ் அடுப்பைப் பற்றவைத்தார். அதில் டீக்குத் தண்ணீர் கொதித்தது. சும்மா உட்காருவானேன் என்று, நாற்காலி உறைகளின் சுருக்கம் எடுக்கிற நீராவி இஸ்திரிப் பெட்டியையும் ஓடவிட்டார். இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

அரை மணி நேரத்தில் உள்ளே தூறியது. இன்னும் கால் மணி நேரத்தில் மழை.

"டீல விழுதுங்க," என்றாள் மனைவி. "நான் ஷெட்டு மேஸ்திரியைக் கூப்பிடப் போறேன். நீங்க போலீஸைக் கூப்பிடுறதா இருந்தா கூப்பிட்டுக்குங்க."

தகரக் கட்டடம் போடுவதே வேலையாக இருந்த மேஸ்திரி நிதானமான மனிதர். உள்ளே வந்து மூக்கை உறிஞ்சினார். கூரையைத் தொட்டார். அடுப்பைப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தார். கடைசியில் சோபாக்காரரைப் பார்த்தார்.

"தண்ணி மேலேர்ந்து வரல சார். நீங்கதான் கீழேர்ந்து அனுப்புறீங்க."

"நானா?"

"உங்க மூச்சு, இந்த ஆவி, டீ எல்லாமே ஈரம்தான். கேஸ் எரிஞ்சாலும் ஈரம் வரும். சூடான காத்து அந்த ஈரத்தைத் தூக்கிட்டு மேல போகுது. தகரம் ஜில்லுனு இருக்கு. தொட்டதும் தண்ணியாயிடுது. முன்னாடி கொஞ்சமாவது சந்து வழியா வெளிய போச்சு. அதையும் நீங்க அடைச்சிட்டீங்க."

"தெர்மோகோல்?"

"இடைவெளி விட்டு ஒட்டினா காத்து பின்னால புகுந்துடும். புகுந்து அங்க தண்ணியாகும். நீங்க ஒட்டினது தெர்மோகோல் இல்ல சார், தொட்டி."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

மேஸ்திரி இரண்டு நாள் வேலை செய்தார். முகட்டிலும் ஓரங்களிலும் காற்றுவழியைத் திறந்துவிட்டார். வெள்ளித்தாள் ஒட்டிய கனமான நுரைச் சுருளைத் தகரத்துக்கு அடியில், தாள் பக்கம் அறையைப் பார்க்கும்படி விரித்தார். ஊசி நுழையும் இடம்கூட விடாமல் எல்லா இணைப்பையும் டேப் போட்டு ஒட்டினார். இஸ்திரி போடும் மூலையில் ஆவியை வெளியே தள்ள ஒரு விசிறி வைத்தார். "அடுப்பை உள்ள வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலை சோபாக்காரர் வழுக்கைத் தலையைக் காட்டிக்கொண்டு பத்து நிமிஷம் நின்றார். ஒன்றும் விழவில்லை. நனைந்த மூன்று நாற்காலிகளுக்குப் புது ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்தார். சொன்ன நாளில் பதினாறும் வண்டி ஏறின.

வண்டி போன பிறகுதான் மனசு உறுத்தியது. பாவம், ஒரு தப்பும் செய்யாத மனுஷனை எப்படியெல்லாம் நினைத்துவிட்டோம்! ஏணி வாங்குவது குற்றமா? கூரையைப் பார்ப்பது குற்றமா?

"நேர்ல போய் மன்னிப்புக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்," என்றார்.

"அவருக்கு எதுவுமே தெரியாதே. நீங்களா போய் எதுக்குச் சொல்லணும்?"

"உனக்குப் புரியாது. சந்தேகப்பட்டவன்தான் போய்ச் சொல்லணும்."

மறுநாள் காலை சட்டை மாற்றிக்கொண்டு பின் தெருவுக்குப் போய்க் கதவைத் தட்டினார். காயில்காரரின் மனைவி திறந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"தங்கச்சி, உங்க வீட்டுக்காரரைப் பாக்கணும். எங்க ஷெட்டுல தண்ணி சொட்டினதுக்கு நான் அவரைத் தப்பா நினைச்சிட்டேன். மன்னிப்புக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அவள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மெதுவாப் பேசுங்கண்ணே. எங்க ஷெட்டுலயும் மூணு வாரமா சொட்டுது. உங்களைக் கையும் களவுமா பிடிக்கணும்னு அவர் விடிஞ்சதுலேர்ந்து எங்க கூரை மேலதான் குப்புறப் படுத்திருக்கார்."