சிறுவர் பகுதியில் மை பார்த்த சாமி

அந்தப் பொது நூலகத்துக்கு அப்படியொரு கூட்டம் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வரவில்லை. வந்தவர்களில் ஒருவர்கூடப் புத்தகம் எடுக்கவில்லை என்பதுதான் சின்னக் குறை.

இலங்கையில், மாத்தளையிலிருந்து நாவுல போகும் வழியில் ஒரு சின்ன ஊர். ஆண்டு இரண்டாயிரத்து எட்டு. நூலகத்தில் மக்களுக்கான நிகழ்ச்சிகள் நடத்த வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. நூலகப் பொறுப்பாளர் ஹமீமா கதை சொல்லல், கட்டுரைப் போட்டி, பல் மருத்துவ முகாம் என்று எழுதி அனுப்பினாள். பிரதேச சபைத் தலைவர் அவற்றை ஓரமாக வைத்துவிட்டு அஞ்சனச் சாமியை அனுப்பி வைத்தார்.

சாமி வெற்றிலையில் கறுப்பு மை தடவி, காணாமல் போனவர்களைக் கண்டு சொல்வார். மலையாள தேசத்துக் காட்டில் தவமிருந்து கற்ற வித்தையாம். கோபம் வந்தால் மட்டும் பேச்சு சுத்தமான கொழும்புத் தமிழாக வரும். அவருக்கென்று சிறுவர் பகுதியை ஒழித்துக் கொடுத்தார்கள். கறுப்புத் திரைக்குப் பின்னால், யானைப் படம் போட்ட குட்டி நாற்காலியில், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து சாமி முக்காலமும் பார்த்தார். வெற்றிலையில் தெரிவது பக்தி உள்ள கண்ணுக்கு மட்டுமே தெரியும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அதனால் எல்லோருக்கும் தெரிந்தது.

“பாத்தீங்களா மிஸ், வாசிப்பு எப்படி வளந்திருக்குன்னு!” என்றார் தலைவர், வாசலில் நின்ற வரிசையைப் பார்த்து.

“வாசிப்பு எங்க சேர் வளந்திச்சு? வரிசைதான் வளந்திருக்கு” என்றாள் ஹமீமா. தலைவருக்கு அது பாராட்டாகவே கேட்டது.

அவளால் சிரிக்க முடியவில்லை. அந்தப் போர் ஆண்டுகளில் காணாமல் போனவர்கள் வெற்றிலைக்குள் அடங்குகிற தொகை அல்ல. கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் படையினர் சுற்றிவளைப்பில் அள்ளிக்கொண்டு போவார்கள். எந்தச் சிறை, எந்த முகாம் என்று பெற்றவர்களுக்குச் சொல்ல ஆள் இருக்காது. வாசலில் நின்றவர்களில் பாதிப் பேர் அப்படிப் பெற்றவர்கள்தான்.

வேலம்மா அவர்களில் ஒருத்தி. தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். மகன் தியாகு கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தான். சுற்றிவளைப்பு நடந்த இரவுக்குப் பிறகு அவனிடமிருந்து பேச்சில்லை. ஹமீமா அவளை மேசைக்கு அழைத்துச் சொல்லிப் பார்த்தாள்.

“அக்கா, கண்டியில மனித உரிமை ஆணைக்குழுக் கந்தோர் இரிக்கு. போட்டோவும் பேரும் குடுத்தா எந்தக் காம்ப்ல எண்டு தேடுவாங்க. நாள் போகப் போக ஆள இடம் மாத்திருவாங்க. நானே கூட வாறன்.”

“ஐயோ வேணாம் மிஸ். கந்தோரு, பொலிசுன்னு எங்கயாச்சும் பேரு குடுத்தா சாமி போட்ட மந்திரக் கட்டு அறுந்துருமாம். அப்பறம் புள்ள உசுரோட வர மாட்டானாம். பௌர்ணமி கழிஞ்சா தானா வருவான்னு சாமி சொல்லிட்டாரு.”

வேலம்மாவின் காதில் தோடு இல்லை, சாமிக்குக் காணிக்கையாகப் போய்விட்டது. துளை தூர்ந்துவிடாமல் இரண்டு ஈர்க்குகளைச் செருகியிருந்தாள். ஹமீமா அந்த ஈர்க்குகளைப் பார்த்தாள். பிள்ளையைப் பிடித்தவன் ஒரு பக்கம். அந்தத் துக்கத்தைக் கறக்கிறவன் இன்னொரு பக்கம். இவன் தேடவும் விடமாட்டேன் என்கிறானே!

ஆனாலும் சாமிக்கு எப்படித் தெரிகிறது? உள்ளே போனவுடன் பிள்ளையின் பெயர், வேலை பார்த்த கடை, போட்டிருந்த சட்டை எல்லாம் சொல்கிறார். அதுதான் ஊரை மடக்கியது.

பதில் நூலகத்திலேயே இருந்தது. அமைதி காக்கவும் என்று மூன்று மொழியிலும் எழுதிய பலகை ஒன்று அங்கே தொங்கியது. எந்த மொழிக்காரரும் அதை மதித்ததில்லை. பலகைக்கு நேர் கீழேதான் காத்திருப்பவர்கள் உட்காரும் நீள வாங்கு. பக்கத்தில் பத்திரிகை மேசை. முதல் பஸ்ஸிலேயே வந்து அந்த மேசையில் உட்காரும் ஒல்லி மனிதர் ஒருவர் நாள் முழுக்க மரண அறிவித்தல் பக்கத்தையே விரித்து வைத்திருப்பார். மடியில் ஒரு தோல் பை. வாங்கில் யாராவது வந்து உட்கார்ந்தால் பத்திரிகையைத் தாழ்த்தி, “யாருங்கம்மா காணாமப் போனது?” என்று உருகுவார். பெற்ற வயிறு கொட்டித் தீர்த்துவிடும். கேட்டு முடிந்ததும் வெற்றிலை துப்பப் பின்பக்கம் போவார். சிறுவர் பகுதியின் ஜன்னல் அந்தப் பக்கம்தான்.

ஒருநாள் அந்த ஒல்லி மனிதர் வரவில்லை. அன்றைக்கு நட்சத்திரம் கூடவில்லை என்று சாமி மையைத் தொடவே இல்லை. மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள், மனிதரும் நட்சத்திரமும்.

ஹமீமா பழனிமுத்துவைக் கூப்பிட்டாள். ஓய்வுபெற்ற தபால்காரர், வாசகர் வட்டத்தின் தலைவர். சொல்லப்போனால் வட்டமே அவர்தான். கல்யாணம் கட்டாதவர். அது ஊருக்கே தெரியும், வெளியூர்ச் சாமிக்குத் தெரியாது.

பழனிமுத்து வாங்கில் உட்கார்ந்து, பூபாலன் என்ற மகனைக் காணவில்லை, கன்னத்தில் மச்சம் என்று ஒல்லி மனிதரின் காதோடு சொல்லி மூக்கைச் சிந்தினார். ஒல்லி மனிதர் வெற்றிலை துப்பிவிட்டு வந்தார். பழனிமுத்து உள்ளே போனார்.

“பூபாலன்… கன்னத்துல மச்சம்… தெக்குத் திசையில உன் மகன் உசுரோட இருக்கான்!” என்றது திரைக்குள்ளிருந்து குரல்.

பழனிமுத்து திரையை விலக்கிக்கொண்டு பாய்ந்து வெளியே வந்தார். “கேட்டீங்களா? எனக்குக் கல்யாணமே ஆகல, எங்கயிருந்து மகன் வந்தான்? எல்லாம் பொய்யி!”

வரிசை திரும்பிப் பார்த்தது. பிறகு ஒரு கிழவர் கைகூப்பினார்.

“அடேயப்பா! இத்தன வருசமா மறைச்சு வச்சிருந்ததச் சாமி ஒரு நொடியில கண்டுபுடிச்சிட்டாரே!”

“தாய் யாருங்கண்ணே?” என்றாள் ஒருத்தி.

ஊரின் மூளை அப்படி வேலை செய்தது. சாமி பொய் சொல்லியிருப்பார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பழனிமுத்துதான் சோரம் போயிருப்பார் என்று எல்லோருக்கும் தோன்றியது. பாவம், மனிதர் கடைத்தெருப் பக்கமே தலைகாட்டவில்லை. வரிசை மட்டும் ரோட்டைத் தாண்டிப் போனது.

அடுத்த நாள் வேலம்மா முந்தானை முடிச்சில் தாலிச் சங்கிலியோடு வந்தாள். பௌர்ணமிக்குள் கடைசிக் கட்டு ஒன்று கட்ட வேண்டும் என்றாராம் சாமி. ஹமீமா பத்திரிகை மேசைக்குப் போனாள்.

“நீங்க எங்கட பெரிய வாசகர். ஸ்டோர் ரூம்ல பழைய பத்திரிகைக் கட்டெல்லாம் இரிக்கு. வந்து பாக்கிறீங்களா?”

வாங்கில் இருந்தவர்கள் அவரை மரியாதையோடு பார்த்தார்கள். இத்தனை நாள் வாசித்தவர் எப்படி மாட்டேன் என்பது? பையை இடுக்கிக்கொண்டு உள்ளே போனார். ஹமீமா கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. அது யாருடைய குற்றமும் இல்லை.

பிறகு சிறுவர் பகுதிக்குப் போய்க் கறுப்புத் திரையை முழுவதுமாக ஒதுக்கிவிட்டாள். வரிசையே எட்டிப் பார்த்தது.

“சாமி, இங்க ஒருத்தரக் காணல்ல. கொஞ்சம் மை பாருங்க.”

“பேரு?”

“அதையும் மையே சொல்லட்டும் சாமி. நாள் முழுக்கப் பத்திரிகை மேசையில இருப்பாரே, ஒல்லியா, அவரத்தான். கையில பையோட ஆளே காணல்ல.”

சாமி வெற்றிலையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். அங்கே யாரும் துப்பவில்லை.

“தெக்குத் திசை…” என்று தொடங்கினார். குரல் இறங்கியது. “பையோடயா?”

“பையோடதான்.”

யானை நாற்காலி சரிந்தது. “அடப்பாவி சோமு! சுருட்டிக்கிட்டுக் கம்பி நீட்டிட்டியாடா!” என்று சாமி கத்தினார். மலையாளக் காடு எங்கேயோ போய்விட்டது. அசல் கொழும்புத் தமிழ்.

பின்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

“அண்ணே, நான் எங்கயும் போகலண்ணே! இங்கதான் ஸ்டோர் ரூம்ல இருக்கேன்! கதவத் தெறக்கச் சொல்லுங்கண்ணே!”

அந்த நூலகத்தில் முதல் தடவையாக அமைதி நிலவியது.

ஹமீமா கதவைத் திறந்துவிட்டாள். வேலம்மா முன்னால் போய், ஒல்லி மனிதரின் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். ஊர்ப் பெண்களின் காதும் மூக்கும் மேசையில் கொட்டின. தன் தோட்டை எடுத்து, ஈர்க்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அங்கேயே மாட்டினாள். சாமியும் சீடரும் தென்திசையில் ஓடினார்கள். துரத்தியவர்களுக்குத் திசை பார்க்க மை தேவைப்படவில்லை.

தலைவர் அன்று மாலையே, தனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் இருந்ததாகச் சொன்னார். பழனிமுத்துவிடம் ஊர் மன்னிப்புக் கேட்டது. தாய் யார் என்று மட்டும் இன்னும் சிலர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஹமீமாவும் வேலம்மாவும் கண்டி பஸ்ஸுக்கு நின்றார்கள். வேலம்மாவின் கையில் தியாகுவின் போட்டோ. வரிசையில் நின்றிருந்த அந்தக் கிழவர் பக்கத்தில் வந்தார்.

“அந்தாளு கள்ளன்தான், சரி. ஆனா பௌர்ணமின்னு வாய் விட்டுச் சொல்லிட்டாரே, அதுவரைக்கும் பொறுத்துப் பாத்தா என்னம்மா?”

வேலம்மா பஸ் படியில் ஏறி நின்று திரும்பினாள்.

“சொவத்துக்கு அந்தால இருந்த சொந்த ஆளையே அவனுக்குத் தெரியல. எம்புள்ளயவா தெரியப்போவுது? பொறுத்துப் பொறுத்துத்தான் இத்தன நாளப் பாழாக்கிட்டேன். இனி நான் போயித் தேடுறேன்.”

பஸ் போனது. கிழவர் அங்கேயே நின்று யோசித்தார். யோசித்து முடித்து, பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார்: “பல்லேபொலயில நல்லா மை பாக்குறவர் ஒருத்தர் இருக்காராமே?”

போகட்டும். மை பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் ஒன்று மட்டும் செய்யுங்கள். வெற்றிலையைப் பார்க்கும் முன் பக்கத்து அறைக் கதவைத் திறந்து பாருங்கள். அதற்கும் சோம்பலாக இருந்தால், தோளுக்கு மேலே சும்மா பூட்டிக் கிடக்கும் அறையையாவது திறவுங்கள்.